மிதந்த முட்டை

மூக்கு மாஸ்டருக்கு மூக்கு போய் ஐந்து மாதமாகிவிட்டது.

ஒரு காய்ச்சல் வந்தது, நாலு நாள் படுக்கையில் போட்டது, போகும்போது வாசனையையும் ருசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு என்னவோ முகத்தின் நடுவில் அப்படியேதான் இருந்தது, நல்ல எடுப்பான மூக்கு. இருந்து என்ன பிரயோஜனம்? ஓட்டலில் மனிதர் கரண்டியை நாக்கில் வைத்ததே கிடையாது. சட்டிக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுப்பார், "பூண்டு இன்னும் வேகல" என்பார், அவ்வளவுதான். அதற்காக வைத்த பட்டப்பெயர் அது. இப்போதும் தெருவில் அதே பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது.

அவள் தையற்காரி. முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவள். சமையலுக்கும் அவளுக்கும் வெகுதூரம். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படி அவருடையது. இந்த ஐந்து மாதமாக அவர் வீட்டு அடுப்பைத் தொடவில்லை, கடையிலிருந்து ரொட்டி வாங்கி இருவரும் வாயை மூடிக்கொண்டு மென்றார்கள். ஓட்டலில் மட்டும் பழைய கைப்பழக்கத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு? போன வாரம் அடிப்பிடித்துப் புகையும் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஒன்றும் தெரியாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாராம். குட்டு உடைந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. "மாஸ்டர், நீங்க ஊறப்போடுற பன்னிக்கறிக்குன்னே வர்றவங்க இருக்காங்க," என்றார். "மாசக் கடைசிக்குள்ள வீட்டுல ஒரு ஜாடி போட்டு எடுத்துட்டு வாங்க. பழைய மாதிரி இருந்தா அடுப்படி உங்களோடது. இல்லன்னா கோவிச்சுக்காதீங்க, கிடங்குச் சாவிய வாங்கிக்கிட்டு சாமான் கணக்கப் பாருங்க."

கிடங்குச் சாவியாம். இருபத்தாறு வருஷம் நெருப்பு முன்னால் நின்ற மனிதனுக்கு!

அன்றே கறி வாங்கி வந்தார். தோலும் கொழுப்புமாக நல்ல தொடைக்கறி. அவள் தைப்பதை நிறுத்திவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளங்கை அளவுக்கு ஒரே சீராகத் துண்டு போட்டார், எலும்பை உருவினார், துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தார். அந்தக் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்து, கடுகு, மிளகு, நசுக்கிய பூண்டு எல்லாம் போட்டு, உப்பைக் கரைக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்து நின்றது வம்பு. உப்பு போதுமா என்று யார் பார்ப்பது?

"நான் வேணா நாக்குல வச்சுப் பாக்கவா?" என்றாள்.

"உன் நாக்கா? உப்பே இல்லாத கஞ்சியக் கரிக்குதுன்னு சொல்ற நாக்கு அது. அத நம்பி என் பொழப்ப அடகு வைக்க முடியாது. முட்டை எடு."

நல்ல முட்டை பச்சைத் தண்ணீரில் அமிழும், உப்பு ஏறினால் மேலே வரும், அது அவர் கணக்கு. குளிர்பெட்டிக் கதவில் ஒற்றை முட்டை கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பிடி உப்புக்கே அது ஜம்மென்று மிதந்தது. மனிதர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு. முட்டையைத் துடைத்து அது இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். கறியை ஜாடியில் அடுக்கி, தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு தட்டும் கல்லும் வைத்து அமுக்கினார். "அஞ்சு நாள் உப்பு. அப்புறம்தான் வினிகர்." ஜாடி பெரிது, குளிர்பெட்டிக்குள் போகவில்லை. குளிர்காலம்தானே என்று பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றாள். சாமி கும்பிட்டுப் பழக்கமில்லாதவள், அந்த ஜாடியைக் கும்பிட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம். அவள் காலர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டலிலிருந்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "என்னடி நாத்தம் இது?" என்றார்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்றாள், துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிறகு கத்தரி நின்றது.

நிமிர்ந்தாள். அவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். பேசினால் கலைந்துவிடும் என்பது போல இருவரும் அடிமேல் அடி வைத்துப் பின்னறைக்குப் போனார்கள். அவர் ஜாடியைத் திறந்தார். மேலே நுரை, கறியெல்லாம் கொழகொழ. அப்போதுதான் அவளுக்கும் ஏறியது. அப்பப்பா, குடலைப் பிடுங்கும் நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

அவர் குனிந்தார். ஜாடிக்குள்ளேயே முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இப்போது வெளியூரில் இருக்கும் பிள்ளை பிறந்த அன்றுகூட அந்த முகத்தை அவள் இப்படிப் பார்த்ததில்லை. அழுகிப்போன ஒரு ஜாடிக் கறிக்கு முன்னால் ஒரு மனிதன் இப்படி நிற்க முடியுமா? முந்தானையை விட்டுவிட்டாள். நாறட்டும் என்று அவளும் ஒரு மூச்சு இழுத்தாள்.

"பூண்டு தெரியுது," என்றார் மெதுவாக. "இத்தன நாத்தத்துக்கு அடியில, பூண்டு தனியாத் தெரியுது."

"கறி ஏங்க கெட்டுச்சு? முட்டைதான் மிதந்துச்சே?"

அவர் யோசித்தார். போய் அந்த முட்டையை எடுத்து வந்து ஒரு பாத்திரம் பச்சைத் தண்ணீரில் போட்டார். உப்பு ஒரு கல் இல்லை. அதிலும் ஜம்மென்று மிதந்தது.

"இது எப்ப வாங்குனது?"

"நீங்க காய்ச்சல்ல விழுறதுக்கு முன்னாடி," என்றாள். இருவருமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நாற்றம் தாங்காமல் உடனே சாத்திக்கொண்டாள்.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கடுகு டப்பாவை மோந்தார், அடுப்புக்கரியை மோந்தார், வினிகர் புட்டியைத் திறந்து, தும்மி, "ஆகா" என்றார். மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. புதுக்கறியும் அன்றைக்கு இட்ட முட்டையும் வாங்கிவரத் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் அவளைத் தாண்டும்போது நின்றார். அவள் கழுத்தருகே குனிந்து, சட்டிக்கு மேல் குனிவது போலவே, ஒரு மூச்சு இழுத்தார்.

"சோப்ப மாத்திட்டியா?"

"மாத்தி நாலு மாசமாச்சு," என்றாள்.