அக்கா ஒட்டிய அம்புகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் அக்காவின் கணவருடையது. நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: “மரணத்தின் நிழல் அந்த அறையில்…”

வேண்டாம். மருத்துவமனை அறையில் நான்கு குழல்விளக்குகள் எரிந்தன. நிழலுக்கு இடமே இல்லை.

2

அக்கா ஆயத்த ஆடை ஆலையில் சோதனைப் பிரிவு. தைத்து வரும் சட்டைகளில் பழுது எங்கே என்று பார்த்துச் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவாள். நுரையீரலில் வந்த புற்றுநோய் அவள் மூளைக்குப் பரவி ஆறு புள்ளிகளாக நின்றது. தலை முழுவதும் கதிர்வீச்சு கொடுத்தால் ஞாபகம் மங்கலாம். அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் குவிக்கவும் முடியும் என்றார் மருத்துவர். அக்கா யோசிக்கவே இல்லை.

“குவிச்சே குடுங்க டாக்டர். ஞாபகம் போயிட்டா, இவன் எத்தனை வேலையை விட்டான்னு யாரு சொல்லிக் காட்டுவா?”

(மூன்று. கடைசியாக விட்டது இரவுக் காவல். பகல் தூக்கத்தை மட்டும் விடவில்லை.)

3

சிகிச்சைக்கு முந்தைய நாள் எடுத்த புது ஸ்கேன் படத்தில் புள்ளிகள் ஒன்பது. ஒன்பதுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம் என்றார்கள். மாமா என்னை லிஃப்ட் பக்கம் இழுத்துப் போனார்.

“அவளுக்கு ஆறுன்னே இருக்கட்டும் தம்பி.”

“கேட்டா?”

“கதை எழுதுறவன்தானே நீ? சமாளி.”

என் எழுத்தை அவர் மதித்தது அந்த ஒரு முறைதான். அந்த மயக்கத்தில் கதையிலும் ஆறு என்றே எழுதினேன். இந்தப் பாத்திரம் உண்மையைத் தாங்குமா? “பாவம், அவள் மனசு கண்ணாடி மாதி…” [அடித்துவிட்டேன். சட்டையில் ஒரு தையல் விட்டால்கூட மேற்பார்வையாளரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள் அவள்.]

4

சிகிச்சை நாள். வலை முகமூடி போட்டு அவள் தலையை மேசையோடு அசையாமல் பூட்டினார்கள். “நான் அவள் கையை விடவே இல்லை.”

நல்ல வரி. கதிர் அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. காலை பதினொரு மணிக்கு நான் வெளியே நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அவள்தான் வந்து எழுப்பினாள். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக வலைத் தடம். சிரித்துவிட்டேன்.

“சிரிடா. முதல்ல எச்சிலைத் துடை.”

5

கதையை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். எனக்கு வேறு வாசகர் கிடையாது. (நீங்கள் இப்போதுதானே வந்தீர்கள்.) தாள்கள் மூன்று சிவப்பு அம்புகளோடு திரும்பி வந்தன. முதலாவது, கையைப் பிடித்த வரியில். இரண்டாவது, ‘ஆறு’ மேல்.

“ஒன்பது,” என்றாள்.

“யாரு சொன்னா?”

“சம்மதத் தாள்ல கையெழுத்து போட்டது நானா, உங்க மாமாவா? படத்துல புள்ளிக்குப் புள்ளி அம்பு போட்டிருந்தாங்க. அம்பு எண்ண எனக்கு நீ சொல்லித் தரணுமா?”

“அப்ப மாமாகிட்ட…”

“மூச்சு விடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் மனுஷன் தூங்குறாரு.”

6

மூன்றாவது அம்பு முடிவின் மேல். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் புள்ளிகள் சுருங்குகின்றன. இன்னொன்றில் பத்தாவது வருகிறது. மற்றதில் ஜன்னலில் ஒரு புறா வந்து உட்காருகிறது. (வழி தெரியாதபோது நான் பறவையைக் கூப்பிடுவேன்.)

“மூணு மாசம் கழிச்சு எடுக்கச் சொன்ன படம் வியாழக்கிழமைதான்டா. தைச்சு முடிக்காத சட்டையை எதுக்கு மடிச்சுப் பெட்டியில வைக்கிற?”

இன்று செவ்வாய். மூன்றையும் கிழித்துப் போட்டேன். மிச்ச அம்புகளை என் மேசையில் விட்டுப் போயிருக்கிறாள். மேலே பழுது தெரிந்தால் தாராளமாக ஒட்டுங்கள். கீழே உள்ள வெற்றிடத்தில் மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள், புறாவைக்கூட.

எனக்கு இப்போது ஒரே வேலைதான். வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அந்த நாற்காலியில் தூங்காமல் இருக்க வேண்டும்.