யாரும் அவளைக் கேட்கவில்லை

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தவள் என் மனைவி. ஆனால் நர்ஸ் கேட்டது என்னை.

"ஐயா, குடிப்பீங்களா?"

"எனக்கா இடுப்பு உடைஞ்சிருக்கு? அதெல்லாம் விட்டு நாலு வருஷமாச்சும்மா!"

முதியோர் வார்டில் சேரும் எல்லோரிடமும் அதைக் கேட்க வேண்டுமாம். "அம்மாகிட்ட போய் என்னத்தக் கேக்கறது" என்று சிரித்து, 'இல்லை' என்று தானே குறித்துக்கொண்டு போய்விட்டாள். மகனும் சிரித்தான். நான் வாய் திறக்கவில்லை. தான் குடிப்பது அவனுக்குத் தெரியக்கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எப்படித் தொடங்கினாள் என்று நானும் அவளைக் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கேது?

மூன்றாம் நாள் பிற்பகல். ஜன்னல் வெயில் தரையில் ஊர்ந்து, கட்டிலேறி, அவள் கைமேல் படுத்துக்கொண்டது. கை நடுங்கியது.

"ஜன்னல் திரையில பாருங்களேன், எத்தனை குருவி! சத்தம் போடாதீங்க, பறந்துடும்."

திரையில் ஒரு பூகூட இல்லை. ஆனாலும் அவள் கிசுகிசுத்த விதத்தில் எனக்கும் எங்கோ சிறகடித்தது. வார்டே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தது.

"வயசானவங்களுக்குப் புது இடம்னா இப்படித்தான் குழம்பும்" என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியை நிறுத்திய நாட்களில் இதே நடுக்கத்தோடு சுவரெல்லாம் எறும்பு பார்த்தவன் நான். வலிப்பு வந்து பிழைத்ததே பெரிய விஷயம். பாம்பின் கால் பாம்பறியும். சத்தியமாவது ஒன்றாவது!

"டாக்டர், இவ தினம் குடிப்பா. இங்க வந்ததும் நின்னு போச்சு. அதான் இப்படி. உயிருக்கே ஆபத்து!"

மகன் எழுந்துவிட்டான். "குடிச்சுக் குடும்பத்தைக் கெடுத்தது நீங்க. அந்தப் பழிய அம்மா தலையில கட்டாதீங்கப்பா."

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். விட்ட பிறகும் எனக்கு விடியவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை நம்ப வேணாம்மா. அவளையே கேளு. ஒரே ஒரு தடவை."

நர்ஸ் தயங்கித் தயங்கிக் கட்டிலருகே குனிந்தாள். "அம்மா, நீங்க குடிப்பீங்களா?"

அவள் திரையிலிருந்து கண்களை மெல்ல எடுத்தாள்.

"தினம் சாயங்காலம். இவர் விட்டப்போ, ஒளிச்சு வெச்சிருந்த பாட்டிலைக் கொட்டத்தான் எடுத்தேன். எங்க எல்லாரையும் விட இவருக்கு இது பெருசா இருந்துச்சே, அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்தேன். அப்புறம் விட முடியல."

டாக்டர் ஊசி மருந்தின் பெயரைச் சொல்ல, நர்ஸ் ஓடினாள். மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.