முதல் லிட்டர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு க்ரோக் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் யால்மர் க்ரோக், எழுபத்து மூன்று வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்றிருந்தார். அவர் மனைவி டோவே அடுப்பின் பக்கம், கையில் காப்பிக் கெண்டியோடு. பக்கத்து வீட்டு எப்பே, ஓய்வுபெற்ற குழாய்க்காரர், யாரும் கூப்பிடாமலே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான்காவது ஆள் டில்டே. வட்டார நீர் நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுக்கும் ஆய்வுக்கூடத்துப் பெண். பாஸே என்ற நாயையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் நாய் சாட்சி சொல்லாது. இவர்களைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் மோஸ்ருப் ஊரில் ஏழெட்டுப் பேராவது தேறுவார்கள்.

அந்தச் சமையலறைக்கு ஒரு தகுதி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பீச் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஆழ்கிணற்றை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பதினொரு விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு தோண்டியவர் யால்மரின் அப்பா லௌரிட்ஸ். ஊர் நீர்ச்சங்கத்துக்கு அவர்தான் முதல் தலைவர். பிறகு ஏழு ஊர்ச் சங்கங்களும் ஒன்றாகி வட்டார நிறுவனம் வந்தது, கண்ணாடிக் கட்டடம் வந்தது, தலைவர்கள் மாறினார்கள். லௌரிட்ஸின் கிணறு மட்டும் அதே இடத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை மாதிரி எடுப்பதும் அதே வீட்டுக் குழாயில்தான். நாற்பத்தோரு ஆண்டு அறிக்கைகள் பச்சைக் கோப்பில் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட ஓர் எண் வரம்பைத் தாண்டியதில்லை. பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளை யால்மர் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை என்பது டோவேயின் பழைய குறை.

மாதிரி எடுக்கும் நாளில் அவர் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏற்றுவார். அன்றும் ஏற்றியிருந்தார்.

"யாரு, அரசரே வர்றாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் எப்பே உள்ளே வந்தார். ஆண்டுதோறும் இதே கேள்வி. ஆண்டுதோறும் யால்மர் பதில் சொல்வதில்லை.

அந்த ஆண்டு மட்டும் ஒன்று புதிதாக இருந்தது. லௌரிட்ஸ் காலத்துப் பித்தளைக் குழாய் கழுத்தில் பச்சை படிந்து, மூடினாலும் சொட்டிக்கொண்டு, பார்க்க நன்றாக இல்லை. அப்பேர்ப்பட்ட தண்ணீர் இப்படிப்பட்ட வாயிலிருந்து வருவது யால்மருக்குப் பொறுக்கவில்லை. அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் குழாய் ஒன்றை வாங்கிவந்தார். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு எப்பே அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போனதும் யால்மர் ஓர் உத்தரவு போட்டார்: நாளைக்கு மாதிரி எடுக்கும்வரை ஒருவரும் அதைத் தொடக் கூடாது. இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவாமல் கிடந்தன. டோவே குளியலறையிலிருந்து தண்ணீர் பிடித்துக் காப்பி போட்டாள். நாய் வாசல் வாளியில் மழைத்தண்ணீரைக் குடித்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஜன்னலில் இருந்த ஜெரேனியம் செடிக்கு அன்று தண்ணீரே இல்லை.

டில்டே கையுறை மாட்டிக்கொண்டு முதல் புட்டியை எடுத்தாள். லௌரிட்ஸ் காலத்தில் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் மாதிரி எடுப்பார்கள். இப்போது உலோகச் சோதனைக்கு அப்படி இல்லை. திறந்ததும் வரும் முதல் லிட்டர்தான் வேண்டும். ஜனங்கள் குடிப்பது அதைத்தானே என்றாள் டில்டே. யால்மருக்கு அது சரியாகவே பட்டது. யார் கையும் படாத முதல் லிட்டர். அது புட்டிக்குள் விழும் சத்தத்தை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

மூடியைத் திருகிவிட்டு அவள் படிவத்தைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டுக் குழாய்ங்கள்ல அண்மையில ஏதாவது மாத்தியிருக்கீங்களா?"

"இந்த வீட்டுல எதுவும் மாறுறதில்ல" என்றார் யால்மர்.

எப்பே தன் காலணியைப் பார்த்தார். டோவே கெண்டியைக் கீழே வைத்தாள். டில்டே ஒரு கணம் குழாயைப் பார்த்தாள். அதன் கழுத்தில் விலைச்சீட்டை உரித்த பசை அப்படியே இருந்தது. பிறகு யால்மரைப் பார்த்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். யால்மர் கையெழுத்திட்டார்.

அந்தப் பதில் எப்படி வாயில் வந்தது என்று அவர் அன்று மாலையே யோசித்துப் பார்த்ததுண்டு. கிணற்றைப் பற்றித்தான் சொன்னேன், குடும்பத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டார். ஒரு குழாய் என்ன பெரிய மாற்றம்? விளக்கம் தேவைப்பட்டது என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சோல்வை தொலைபேசியில் கூப்பிட்டாள். நிறுவனத்தில் தண்ணீரின் தரத்துக்குப் பொறுப்பு அவள்தான். நிக்கல் லிட்டருக்கு இருபது மைக்ரோகிராம் வரை இருக்கலாம். க்ரோக் வீட்டு மாதிரியில் அறுபத்து நான்கு. நகராட்சிக்குத் தெரிவித்தாகிவிட்டது. இரண்டு கோடை வறண்டுபோனதில் நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கிறது, அப்படி இறங்கும்போது பாறையிலிருந்து நிக்கல் கரைந்து வருவதுண்டு, பக்கத்து ஊரில் இரண்டு கிணறுகளை அதற்காகவே மூடினார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். கிணற்று நீரைத் தனியாகச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர இரண்டு வாரம் ஆகும். ஆனால் வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. முன்னெச்சரிக்கையாகக் கிணற்றை நிறுத்திவிட்டு மோஸ்ருப்புக்கு வட்டாரத்தின் பெரிய குழாய்ப் பாதையிலிருந்தே தண்ணீர் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். பழைய பம்பை நிறுத்தினால் மறுபடி ஓட்டப் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. யால்மருக்கே தெரியும்.

"கிணறு சரியா இருக்கு" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"என் அப்பா தோண்டினது."

"அது ஒரு அளவு இல்லையே, யால்மர்" என்றாள் சோல்வை, மரியாதையாகவே. "கிணத்துல இருந்து வருதா, வீட்டுக்குள்ள இருந்து வருதாங்கறதுதான் கேள்வி. வீட்டுல எதுவும் மாத்தலன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ கிணறுன்னுதானே நாங்க எடுத்துக்க முடியும்?"

அவர் தொலைபேசியை வைத்தார். அந்தக் கணம்வரை ஆய்வுக்கூடம்தான் தப்புச் செய்திருக்கிறது என்று காட்டமான கடிதம் ஒன்று அவர் மனதில் பாதி எழுதப்பட்டிருந்தது. இப்போது புதுக் குழாய் நினைவுக்கு வர, வேலியைத் தாண்டி எப்பேயின் பட்டறைக்குப் போனார்.

எப்பே விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். பளபளப்பு மேலே ஒரு தோல்தான், அதற்குக் கீழே நிக்கல் பூச்சு, புதுக் குழாயில் தண்ணீர் ஊறினால் அது இறங்கத்தான் செய்யும், சில மாதம் போனால் குறைந்துவிடும் என்றார்.

"இத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ அதுக்குக் காவல் போடுவேன்னு நான் கண்டேனா? புதுக் குழாய் மாட்டினா யாரா இருந்தாலும் ஆசை தீரத் திறந்து விட்டு வேடிக்கை பார்ப்பாங்க. நீ ஒருத்தன்தான் அத மணப்பொண்ணு மாதிரிப் பொத்தி வெச்ச."

சிரித்துவிட்டு எப்பே அலமாரியைத் திறந்தார். லௌரிட்ஸின் பித்தளைக் குழாய் செய்தித்தாளில் சுற்றி அங்கே இருந்தது. அரை மணி நேர வேலை என்றார். இதை மறுபடி மாட்டிவிடலாம், இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், சுத்தமாக வரும், முதல் மாதிரியில் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொள்வார்கள், கிணறு பிழைக்கும். "யாருக்குத் தெரியப்போகுது, சொல்லு. தெரிஞ்ச மூணு பேர்ல ரெண்டு பேர் நாமதான்."

யால்மர் அந்தக் குழாயைக் கையில் வாங்கினார். கனமாக இருந்தது. அப்பா கைபட்டுத் தேய்ந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் சரியாகப் பொருந்தியது. இதை மாட்டினால் பச்சைக் கோப்பில் கறை இருக்காது, கிணறும் நிற்கும், அப்பாவின் பெயரும் நிற்கும். எல்லாக் கணக்கும் நேராக வந்தது. படிவத்தில் இருக்கும் கையெழுத்து ஒன்றுதான் கோணலாக நின்றது. இன்னொன்றும் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் பசையைப் பார்த்திருந்தாள். பார்த்தும், க்ரோக் சொன்னதை எழுதிக்கொண்டாள். அந்த வீட்டு வார்த்தைக்கு வட்டாரத்தில் இருந்த விலை அது. அதைத்தான் அவர் ஒரு குழாய்க்குச் செலவழித்திருந்தார்.

குழாயை எப்பேயின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். டோவே கம்பு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"எப்பே சொல்றதும் ஒரு வழிதான்" என்று அவர் முடித்தார், அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க.

"கிணத்துக்கு வாய் இல்ல, யால்மர்" என்றாள் அவள். "உனக்கு இருக்கு. அன்னிக்குப் பெரிசாத் திறந்தியே, அதே வாய்தான்."

வியாழக்கிழமை பிற்பகல் அவர் இறுதிச் சடங்குகளுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். நிறுவனத்தின் கூட்ட அறையில் குழுவினர் ஒன்பது பேர், சோல்வை, சுவரோரம் பார்வையாளராக மோஸ்ருப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். டில்டேயையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவுப் பக்கம் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். மேசையில் காப்பிக் குடுவைகளும் ஏலக்காய் ரொட்டியும். கிணற்று விஷயம் நான்காவதாக வந்தது. பேச அனுமதி கேட்டு யால்மர் எழுந்தார். கையில் காகிதம் வைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு என் வீட்டுல ஏதாவது மாத்தியிருக்கான்னு இந்தப் பொண்ணு முறையாக் கேட்டாங்க. இல்லன்னு அர்த்தப்படுற மாதிரி நான் பதில் சொன்னேன். அது பொய். முந்தின நாள் புதுக் குழாய் மாட்டியிருந்தேன். பதினேழு மணி நேரம் யாரையும் அதத் தொட விடல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் தொட விடவில்லை என்று கேட்டார்.

"மரியாதைக்கு" என்றார் யால்மர்.

அறையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சுவரோரம் முழுக்கச் சிரித்தது. யால்மர் சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. சிரிப்பு ஓயும்வரை நேராக நின்றார்.

"இந்தத் தப்ப ஆய்வுக்கூடத்துப் பேர்ல எழுதக் கூடாது. யால்மர் க்ரோக்னு முழுப் பேரா எழுதுங்க. கிணத்துப் பேர்லயும் எழுதக் கூடாது. அதுல தப்பில்ல. சோதிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

டில்டே கோப்பைத் திறந்து எதையோ கோடு போட்டு அடித்தாள். திருத்தி எழுதினாள். கூட்டம் முடிந்ததும் வாசலில் அவருக்குக் கை கொடுத்தாள். அவரும் கொடுத்தார்.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. கிணற்று நீரில் நிக்கல் ஒன்றரை. க்ரோக் வீட்டுக் குழாயில் மறுபடி எடுத்த மாதிரியில், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு இரண்டு. ஓடவிடாத முதல் லிட்டரில் முப்பத்தொன்று. பம்பு ஓடுகிறது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த ஆண்டு அளவுகளின் கீழே, அவர் கேட்டபடியே முழுப் பெயரோடும் முகவரியோடும், காரணம் வீட்டுக்காரர் மாட்டிய புதுக் குழாய் என்று ஒரு வரி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஊரில் எல்லோரும் படித்தார்கள். யால்மர் அறுபத்து நான்கு என்ற எண் இருந்த தாளில் ஓட்டை போட்டு, பச்சைக் கோப்பில் நாற்பத்திரண்டாவதாக, அதன் இடத்தில் கோத்தார். டோவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டிலிருந்து மாதிரி எடுக்கும் வீட்டை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். முதலில் எப்பேயின் வீடு. எப்பே தன் சமையலறையில் லௌரிட்ஸின் பித்தளைக் குழாயை மாட்டி, சொட்டாமல் வாஷரும் போட்டிருக்கிறார். கொடிக்கம்பம் மட்டும் கடன் வேண்டும் என்று வேலிக்கு மேலிருந்து கேட்டார். தருகிறேன் என்று யால்மர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் குழாயைப் பார்க்க ஒருமுறை போனார். திறந்தார், மூடினார், திரும்பி வந்தார்.

புதுக் குழாயைக் கழற்ற வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். தினமும் காலையில் அவரே முதலில் சமையலறைக்கு வருகிறார். சட்டை மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, வரும் முதல் லிட்டரைத் தகரக் குவளையில் பிடிக்கிறார். ஜன்னலில் இருக்கும் ஜெரேனியத்துக்குக் கொஞ்சம், மிச்சம் வாசல் தொட்டிகளுக்கு. விரலுக்குச் சில்லென்று ஆகும்வரை குழாய் ஓடுகிறது. அதன் பிறகுதான் காப்பிக் கெண்டி, அதன் பிறகு நாயின் கிண்ணம்.

நிக்கல் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்த ஜெரேனியம் செத்துப்போய்விட்டதாக மோஸ்ருப் கூட்டுறவுக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். சாகவில்லை. ஜன்னலில்தான் இருக்கிறது. ஒன்பது கொத்துப் பூ, எல்லாம் சிவப்பு.