தட்டில் பட்ட கை

பகலெல்லாம் கூலக்கடைகளின் வாயிலில் குவிந்தும் சரிந்தும் கிடந்த கோதுமையும் பயறும் மீண்டும் சாக்குகளுக்குள் அடங்க, சுமை தூக்குவோர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீடு நோக்கி நடக்க, வண்டிகள் எழுப்பிய உமித்தூசு மேலைக் கதிரின் செம்மையிற் கலந்து கூரைகளின்மேல் மெல்லப் படிந்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது. அங்காடிக்குப் பின்னே, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து ஒன்று. அதன் கடைசியில் இரண்டே அறைகொண்ட வீடு ஒன்று. அவ்வீட்டினின்று ஓயாது எழுந்த முனகலைக் கேளாதிருக்கும்பொருட்டு எதிர்வீட்டார் தம் பலகணியைச் சாத்தியே வைத்திருந்தனர். அவர்களைக் குறை கூறாதீர், அறிவுசால் அன்பரே. பிறர் வலியை நாள்தோறும் கேட்கும் செவி எவர்க்கு வாய்த்தது? சாத்திக்கொள்ளப் பலகணி இல்லாதவள் ஒருத்தி அவ்வீட்டினுள்ளே இருந்தாள். இது அவள் கதை.

முனகியவர் அவள் கணவர். கூல அங்காடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைகளை நிறுத்துக் கொடுத்தவர். ஊர்வாயில் அவர் பெயர் தராசுக்காரர். செந்தமிழில் கதை சொல்லப் புகுந்துவிட்டமையால் நாம் அவரை நிறைகோலார் என்போம்; அதற்காக அவர் சினந்துகொள்ள மாட்டார். வாங்குவோன் குழைந்தாலும் விற்போன் முறைத்தாலும் சாயாத கோல் அவருடையது. தட்டு ஆடி அடங்குவதற்குள் எவன் கையேனும், ஏன், மேலாடையின் முனையேனும் அதிற் பட்டுவிட்டால், "கை பட்டுடுச்சு, எடை செல்லாது" என்று மூட்டையை இறக்கச் சொல்லி மீண்டும் முதலிலிருந்து நிறுப்பார். மணமான புதிதில், உச்சி வெயிலில் அவருக்குச் சோறு கொண்டுவந்த மனைவி கால் இடறித் தட்டின் சங்கிலியைப் பற்றிக்கொண்டபோதும், அவளை ஒரு மூட்டைமேல் அமர்த்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "பொண்டாட்டி கையும் கைதான்" என்று மறுபடி நிறுத்த மனிதர் அவர். அங்காடியே சிரித்தது, அவளும் நாணத்தோடு சிரித்தாள்.

அத்தகையவரின் முதுகெலும்பை இன்று ஒரு கொடுநோய் அரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் ஒளிக்கவில்லை, நோயைத் தீர்க்க இயலாது, வலியைத் தணிக்க இயலும் என்று கூறி, ஒரு குப்பி மருந்தைக் கொடுத்துச் சென்றார். அது சுவர்மாடத்தில் மூடி திறவாமலே இருந்தது.

"போன பிறவியில யாருக்கோ எடையைக் குறைச்சிருக்கேன். அதுதான் வலியா வந்திருக்கு. மருந்தைக் குடிச்சு ஏமாத்தினா மிச்சம் அடுத்த பிறவிக்கும் பின்னாலேயே வரும். இப்பவே முழுசா அனுபவிச்சுத் தீர்த்துடுறேன்" என்று அவர் முடிவாய்ச் சொல்லிவிட்டார். இப்பிறவியில் ஒரு பிடி பயறும் குறைத்தறியாத மனிதர், குற்றத்தை வேறெங்கே போய்த் தேடுவார், பாவம்!

அவர் தீர்த்துக்கொண்டிருந்தார், அவள் தேய்ந்துகொண்டிருந்தாள். புரட்டிப் படுக்கவைப்பதும், புண் விழாமல் துடைப்பதும், ஈரத்துணி மாற்றுவதும், மாற்றியதைத் துவைத்து உலர்த்துவதுமாகப் பகலும் இரவும் ஒன்றோடொன்று குழம்பிப்போக, உலையில் உப்பை ஒருநாள் இருமுறை இடுவாள், மறுநாள் இடவே மறப்பாள். நின்றுகொண்டே கண்ணயரவும் பழகியிருந்தாள்.

அன்று மாலை நோயாளியைக் காண நிறைகோலாரின் தமக்கையார் வந்தார். அவர் வந்து அமர்வதற்குள், அங்காடியில் சாக்குத் தைக்கும் தொழிலினனாகிய, மனைவியின் தம்பியும் வந்து சேர்ந்தான்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ தம்பி. விதைச்சதை அறுத்துத்தானே ஆகணும்" என்றார் தமக்கையார்.

"நல்லா இருக்கே கதை!" என்று துள்ளினான் சாக்குத் தைப்பவன். "ஈரத்தரையில காலமெல்லாம் நின்னாரு. ஆள் வரலைன்னா மூட்டையையும் இவரே இழுத்துப் போட்டாரு. உடம்பு என்ன இரும்பா? எவனோ விதைப்பான், அறுக்கிறது எங்க மாமாவா?"

"அதே தரையில நீயும்தானே நின்னே? உனக்கு ஏன் வரலை?"

அக்கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அவன், "சரி, அவரு போன பிறவியில செஞ்சது உங்களுக்கு யாரு வந்து சொன்னது? பக்கத்துல இருந்து பார்த்தீங்களா?" என்று திருப்பினான்.

இவ்வாறு ஊழின் இயல்பை ஆராய்ந்து இருவரும் கழுத்து நரம்பு புடைக்க வழக்காடிக்கொண்டிருக்கையில், யாரைப்பற்றி அவ்வழக்கோ அவருடைய கால் தலையணையினின்று நழுவித் தொங்க, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததை இருவருமே பார்க்கவில்லை. அவள்தான் கைவேலையை விட்டு ஓடிவந்து, தோளடியில் ஒரு கையும் இடுப்படியில் ஒரு கையும் கொடுத்து, மூச்சுப்பிடித்து அவரைப் புரட்டினாள்.

"நீயே சொல்லும்மா, யார் பேசுறது சரி?" என்று கேட்டார் தமக்கையார்.

"அந்தத் துணியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க அண்ணி" என்றாள் அவள்.

வழக்கு முடியாமலே இருவரும் எழுந்து சென்றனர், தத்தம் கொள்கை முன்னிலும் உறுதிப்பட்டவராய். துணி நாற்காலியின்மேல் கிடந்தபடியே கிடந்தது.

அவள் விளக்கை ஏற்றினாள்; அடுக்களைக்குச் சென்று கஞ்சியைக் கிளறினாள். உள்ளறையிலிருந்து முனகல் வந்தது, நின்றது, மீண்டும் வந்தது. அடுத்த முனகல் எப்போது வருமென்று காத்திருப்பது முனகலினும் கொடிதாயிருந்தது. அப்போது அவள் உள்ளத்தில் ஓர் எண்ணம், கதவைத் தட்டாமல் நுழையும் அயலான்போல் நுழைந்து நின்றது. அதைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். கஞ்சியை அடுப்பினின்று இறக்கிவைத்துவிட்டு, நேரே சென்று அவர் கட்டிலருகே தரையில் அமர்ந்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இப்ப அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு, நீங்க செத்துப் போயிட்டா நல்லா இருக்கும்னு நினைச்சேன்." அவள் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். "உங்க வலி தீரணும்னு நினைக்கலைங்க. நான் தூங்கணும்னு நினைச்சேன்."

முனகல் நின்றது. அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க உங்க வினையைத் தீர்க்கிறீங்க, சரி. நான் நினைச்சது எதுல போய்ச் சேரும்? அங்க தீரத் தீர இங்க எனக்கு ஏறிக்கிட்டே போகுதே!"

"என் வலி என்னோடதும்மா. நீ எதுக்கு இதுல வந்து..."

"உங்களோடதா?" அவள் தன் இரு கைகளையும் அவர்முன் நீட்டினாள். "நாளெல்லாம் உங்களைத் தூக்கித் திருப்புறது யாரு கை? கை பட்டா எடை செல்லாதுன்னு ஊரையே விரட்டினீங்களே! பொண்டாட்டி கையும் கைதான்னு அத்தனை பேர் முன்னால சொன்னீங்களே! நீங்க படுத்த நாள்லேருந்து என் கை தட்டுமேலயேதான் இருக்கு. இந்த எடை செல்லாதுங்க."

நிறைகோலார் வழக்கறிந்த மனிதர், தம் வாயாற் பிறந்த முறையை மறுக்க அவரால் இயலவில்லை. குப்பி இருந்த சுவர்மாடத்தைப் பார்த்தார்.

"அதை எடு" என்றார்.

அவள் குப்பியைத் திறந்து, மருத்துவர் சொன்னவாறு பாதி மூடி வார்த்தாள். அவர் கண்ணைச் சுருக்கி நோக்கினார்.

"பாதிக்கு மேல போகுது பார். குறை."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு துளியைக் குப்பிக்குத் திருப்பினாள்.

"மிச்சம் அடுத்த பிறவியில வரும். தெரிஞ்சேதான் குடிக்கிறேன்" என்றார் அவர்.

"வரட்டும். அப்ப வேற யாரையாவது பிடிச்சுக்கோங்க. என்னால முடியாது சாமி."

"வேற யாரு கையை நான் தட்டுமேல விடுவேன்?" என்று சொல்லிவிட்டு, அவர் மருந்தை விழுங்கினார்.

குடிப்பவன் வினையை நம்புகிறானா இல்லையா என்று மருந்து கேட்பதில்லை. கஞ்சி ஆறி ஆடை படிவதற்குள், பற்றியிருந்த வலி பிடியைத் தளர்த்தி விலகி நின்றது. அதை அவளிடம் சொல்ல அவர் தலையைத் திருப்பினார். அவளோ, ஒரு கையை அவர் நெஞ்சின்மேல் வைத்தபடியே, கட்டில் விளிம்பில் தலைசாய்த்து, வாய் சற்றே திறந்திருக்க, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுப் பலகணி மெல்லத் திறந்தது. முனகல் கேளாமையால் அஞ்சிய எதிர்வீட்டம்மாள், எல்லாம் முடிந்துவிட்டது என்றே எண்ணி, கூந்தலை முடிந்தும் முடியாமலும் ஓடிவந்து வாயிலில் நின்றாள். அழுவதற்கு வாயும் திறந்துவிட்டாள். நிறைகோலார் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

"சத்தம் போடாதீங்க. தூங்குறா."

துன்பம் எப்பிறவியிலிருந்து வருகிறது, எத்தரையிலிருந்து வருகிறது, ஏன் ஒருவரைப் பற்றி அடுத்தவரை விடுகிறது என்பதை அறிந்தவர் அன்றைக்கு அச்சந்தில் எவருமிலர், இன்றைக்கும் இலர். எதிர்வீட்டம்மாள் ஓசையின்றித் திரும்பிச் சென்றாள். நெஞ்சின்மேல் கிடந்த அக்கை நேரம் ஆக ஆகக் கனத்தது. மூச்சு வாங்குவதற்குச் சற்றே இடைஞ்சலாயும் இருந்தது. வாழ்நாளெல்லாம் தட்டிற் பட்ட கையை விலக்கியே பழகியவர், அதனை நிறுக்கவுமில்லை, விலக்கவுமில்லை.