மட்டித்திட்டில் சிக்கிய கால்

சின்னப் படகை மணல்திட்டில் முட்டவிட்டபடியே என் தம்பி எஃப்ரெம் சொன்னான்: "அக்கா, இவரைப் பத்திரமா பாத்துக்க. அந்த லென்ஸைப் பாத்தா கரடி மூக்குல இருக்கற முடியைக்கூட எண்ணிடுவார் போல."

"நீ பன்னண்டு மணிக்கு ஒழுங்கா வந்து சேருடா. மீன்பிடி முகாம்ல காப்பியும் கதையுமா உக்காந்துடாத."

அவன் சிரித்துக்கொண்டே முனையைச் சுற்றிப் போனான். குன்றுக்கு அப்பால் ரேடியோ கேட்காது. எனக்குக் கவலை இல்லை. பதினோரு மணிக்குத்தான் கடல் முழுதாக வற்றும். பன்னிரண்டு வரை திட்டு எங்களுடையது. அப்படித்தான் குறித்து வைத்திருந்தேன்.

கரடி பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. அன்று வந்தவர் பெயர் ஹாலிஸ். மின்னசோட்டாவில் முப்பத்தொரு வருஷம் தபால்காரராக இருந்தவர். பனி பெய்தாலும் கடிதம் போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கும் மனிதர். நான் சொன்ன இடத்தில் நின்றார், சொன்னபோது உட்கார்ந்தார்.

அறுபது அடி தூரத்தில் ஒரு தாய்க்கரடி மட்டி தோண்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்துக் குட்டிகள் இரண்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் எங்கள் சுக்பியாக் பாஷையில் அவளிடம் சொன்னேன்: "அம்மா, நாங்க சும்மா பாக்க வந்தோம். உன் மட்டி எங்களுக்கு வேணாம்."

ஹாலிஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அதுக்கு இங்கிலீஷ் புரியாதா?"

"அவ இங்க பொறந்தவ. நீங்கதான் வெளியூரு."

"முப்பத்தொரு வருஷம் நாய்ங்ககூட வாழ்ந்தவன் நான். அதுங்ககிட்ட பேசறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பிஸ்கட்டுக்குத்தான் மரியாதை."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டி எங்களை நோக்கிக் குதித்து வந்தது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கக்கூடாது என்று காலையில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டார். அந்த மரியாதைதான் அவரைச் சிக்கவைத்தது. பளபளவென்று தெரிந்த சாம்பல் நிறச் சேற்றில் அவருடைய வலது கால் தொடைவரை இறங்கியது.

"மத்ரோனா," என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "கால் வரமாட்டேங்குது."

இந்தச் சேறு எனக்குத் தெரியும். பனிமலை பாறையை அரைத்துக் கொண்டுவந்த மாவு அது. இழுக்க இழுக்க இறுகும். தண்ணீர் வருவதற்குள் பொறுமையாகத் தோண்டினால் விட்டுக்கொடுக்கும். நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு முழங்காலிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து ஓடையைப் பார்த்தேன். கடலை நோக்கி ஓடவேண்டிய தண்ணீர், நுரையைச் சுமந்துகொண்டு கரைப்பக்கம் திரும்பி ஓடியது. மணி பத்தே முக்கால்.

கோடையில் எங்கள் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்போம். கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையில் அந்த ஒரு மணியை நாமே கூட்டிக்கொள்ளவேண்டும்; அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். இந்த வருஷம் வேறு கடையில் கொடுத்த புத்தகம். அவர்களே கூட்டி அச்சிட்டிருந்தார்கள். நான் மறுபடியும் கூட்டிவிட்டேன். கடல் பத்து மணிக்கே வற்றித் திரும்பியிருந்தது. எஃப்ரெம் வரும் நேரத்துக்கு இந்த இடத்தில் ஓர் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும்.

"இன்னும் நேரம் இருக்குல்ல?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். பயந்தவரிடம் சொல்லும் பொய்யை ஆண்டவர் மன்னிப்பார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவருடைய உயிர் பற்றிய விஷயம் அவருக்குத் தெரியவேண்டும்.

"இல்ல ஹாலிஸ். தண்ணி திரும்பிடுச்சு. நேரத்தைத் தப்பா கணக்குப் போட்டுட்டேன். தப்பு முழுக்க என்னுது."

அவர் ஓடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் ஒரு தடவை இரங்கல் கடிதத்தைக் கல்யாண வீட்டுல போட்டுட்டு வந்திருக்கேன். தோண்டு."

இரண்டு கையாலும் தோண்டவேண்டும் என்றால், காவலுக்குத் தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் கீழே வைக்கவேண்டும். தாய்க்கரடிக்கு முதுகைக் காட்டவேண்டும். அவள் தோண்டுவதை நிறுத்தித் தலையைத் தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாலிஸ், இனிமே என் கண்ணு நீங்கதான். அவகிட்ட பேசிட்டே இருங்க. குரல் மட்டும் ஒரே மாதிரி இருக்கணும்."

"எனக்கு உன் பாஷை தெரியாதே."

"உங்க பாஷையிலயே பேசுங்க. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

துப்பாக்கியைத் திட்டின் மேட்டில் வைத்தேன். தேவாலயத்தில் பாடும்போது "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று நாற்பது முறை சொல்வோம். ஒரு முறைக்கு ஒரு கை சேறு என்று அள்ள ஆரம்பித்தேன். அள்ளிய குழி பாதிக்குமேல் மறுபடியும் மூடிக்கொண்டது.

மேலே அவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, என் பேரு ஹாலிஸ். பொண்டாட்டி பேரு ஐலீன். அவளுக்கு நான் இங்க வந்ததே பிடிக்கல. ஒருத்தரோட வீட்டுக்குள்ள சொல்லாம கொள்ளாமப் போறதுன்னா எனக்கும் பிடிக்காது... மத்ரோனா, கிட்ட வருது."

"பேசுங்க."

"உன் பசங்க அழகா இருக்காங்க. சின்னவன் வாலு. எனக்கும் அப்படி ஒருத்தன் இருந்தான். இப்போ அவன் எங்கூடப் பேசறதில்ல. அதுல பாதி தப்பு என்னுது."

தண்ணீர் என் முழங்காலை நனைத்தது. இரண்டாவது நாற்பது முடிந்தது.

"இந்தப் பெட்டி இருக்கே," என்றார் திடீரென்று. கேமராவும் லென்ஸும் இருந்த கனமான பெட்டியைத் தோளிலிருந்து கழற்றினார். "இதைச் சேத்துமேல போட்டா நான் அதுல சாஞ்சுக்கலாம்ல? பாரம் கொறையும்."

"கேமரா போயிடும்."

"போகட்டும்."

அவர் பெட்டிமேல் மார்பைச் சாய்த்தார். காலைச் சுற்றி உப்புத் தண்ணீர் இறங்கியது. எனக்குப் பின்னால் கனமான மூச்சு கேட்டது. மட்டி வாசனையும் ஈரமுடி வாசனையும் சேர்ந்து வந்தன. திரும்பவேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

"பத்தடி," என்றார் அதே குரலில். "அம்மா, இவ நல்லவ. இவளை விட்டுடு. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகப் பாக்கறோம், அவ்வளவுதான்."

மூச்சு எங்களைக் கடந்து போனது. குட்டிகளின் காலடி தண்ணீரில் சளப் சளப்பென்று கேட்டது. அதே நேரத்தில் என் கைக்குள் சேறு இளகியது. பூட்ஸை அதற்கே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அவர் வெளியே வந்து விழுந்தார். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

படகு வந்து நிற்கும் பக்கம் போகும் வழியை ஓடை மூடியிருந்தது. கரைப்பக்கம் எங்கே பார்த்தாலும் ஒரே பளபளப்பு. எது மணல், எது சேறு என்று எனக்கே தெரியவில்லை. தாய்க்கரடி மட்டும் தயங்காமல் வளைந்து வளைந்து கரையை நோக்கி நடந்தாள். அவளுடைய எடைக்கும் தாங்கிய தரை எங்களையும் தாங்கும். அவள் நன்றாக முன்னே போகும்வரை காத்திருந்து, தண்ணீர் மூடுவதற்குள் அந்தக் காலடிகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வைத்து நடந்தோம். அவருடைய வெறும் பாதம் அவளுடைய ஒரு தடத்துக்குள் முழுதாக அடங்கியது.

கரையேறி, ஒதுங்கிக் கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். என் கழுத்துத் துணியை அவர் காலில் சுற்றினேன். தூரத்துப் புல்லில் அவள் மல்லாந்து படுத்திருக்க, குட்டிகள் அவள் மார்பில் மொய்த்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு மணிக்கு ரேடியோ அலறியது. "அக்கா! திட்டையே காணோம்! எங்க இருக்கீங்க? அக்கா!"

நான் பேசுவதற்குள் ஹாலிஸ் அதை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

"கரையில இருக்கோம்ப்பா, நல்லாத்தான் இருக்கோம்," என்றார் மிக மெதுவாக. "கொஞ்சம் மெதுவா பேசு. இங்க புள்ளைங்க பால் குடிச்சிட்டிருக்கு."