கொஞ்சம் பொறுத்துக்கோ

…அப்படி என்ன கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள், “என்னால இனிமே அவரோட இருக்க முடியலப்பா, அங்க வந்துடட்டுமா?” என்றுதானே, பெற்ற மகள், பிறந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறாள், அதற்கு ஒரு ‘வா’ சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை, காலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார், அவளே, “சரி, வேலையப் பாருங்கப்பா” என்று வைத்துவிட்டாள்… “பாருங்க, மறுபடியும் நின்னுடுச்சு!” என்கிறாள் கண்ணாடி ஆலையின் மேலாளர் அம்மா, நாற்காலிக்குப் பின்னாலிருந்து, “இத தூக்கிக் கடாசிட்டுப் புறா வாங்கிக்கறேன் சார்.” ஜன்னல் கண்ணாடிகளின் வரைபடம் மெயிலோடு கிளம்புகிறது, நீலக்கோடு கடைசிவரை போகிறது, அப்புறம் அசையாமல் கிடக்கிறது, நேரம் கடந்துவிட்டது என்று ஒரு பெட்டி வருகிறது. ஒருவரி மெயில் போகிறது, வரைபடம் வைத்தால் போகவில்லை. கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் மனமோ காலையில் வந்த மகளின் போனிலேயே கிடக்கிறது.

போன மாதமும் இதே புகார், இதே நாற்காலி, அப்போது என்ன செய்தார்? மெயில் போய்ச்சேரக் கம்ப்யூட்டர் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்தாகக் கூட்டிவைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்தா தானா போயிடும்மா என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார், பெரிய கெட்டிக்காரர்! ஐந்து நிமிடம் காத்திருக்க இந்தப் பக்கம் தயார், எதிர்ப்பக்கம்? அதை யார் கேட்டார்கள்… மகளிடமும் போன மாதம் அதைத்தானே சொன்னார், கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, எல்லாம் சரியாயிடும்… திரையின் மூலையில் ஆன்டிவைரஸின் சின்னப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அட, இதுவா! போகிற மெயிலை வழியில் பிடித்து வைத்துக்கொண்டு, பிரித்து, துழாவி, நல்லதா கெட்டதா என்று பார்க்கிறது, அதுவரை எதிர்முனையில் மெயிலை வாங்கும் சர்வருக்கு ஒரு சத்தமும் போவதில்லை, அது ஆள் இல்லை என்று நினைத்து வைத்துவிடுகிறது. இவரும் காலையில் சும்மாவா நின்றார், சம்பந்தி என்ன சொல்வார், சின்னவளுக்கு வரன் பார்க்கிற நேரமாயிற்றே, அண்ணன் வாயை எப்படி அடைப்பது, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்கு அதெல்லாம் கேட்டிருக்குமா என்ன, பாவி, குழந்தைக்கு ஒன்றுமே கேட்டிருக்காதே. ஆன்டிவைரஸில் வெளியே போகும் மெயிலைச் சோதிப்பதற்கான டிக் குறியை எடுத்தார், காத்திருக்கும் நேரத்தைப் பழையபடி ஒரு நிமிடமாக்கினார், அனுப்பினார், போய்விட்டது. “வைரஸ் கிரஸ் போயிடாதா சார்?” “ஃபைல் உள்ள வரும்போதே பாத்துடும்மா. வாசல்ல வேற நிறுத்தி வைக்க வேணாம்.”

சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தார், மகளை அழைத்தார், மணி அடிக்கிறது, மாப்பிள்ளையிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்று தொடங்கலாமா, இல்லை நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று… மறுபடியும் பார், மறுபடியும்! “சொல்லுங்கப்பா.” “கிளம்பி வாம்மா” என்றார், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல். அந்தப் பக்கம் சத்தமில்லை. அழுகிறாளா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா, காலையில் கேட்டவள் இதற்குள் மனதை மாற்றிக்கொண்டுவிட்டாளா, அழைப்பு அறுந்ததா என்று திரையைப் பார்த்தார், இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, காலையில் இப்படித்தான் நின்றிருப்பாளோ அவளும், இவ்வளவு நேரமா, எப்படித் தாங்கினாள்… போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.