பாதிக் காற்று

விமல்ராஜ் கடைக்குள் வந்து, "பாப்பா, ஓனர் எங்க?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவன் வண்டி சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நான் பள்ளிக்கூடப் பையோடு நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் வருவான். ஓடுகிற பைக்கின் சாவியை அணைத்துப் போட்டு, சைலன்சரை டப்பென்று வெடிக்க விடுவான். நான் துள்ளுவதைப் பார்த்து அவன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். ஒருநாள் மிரண்டு சாக்கடையில் விழுந்தேன். அதை வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அப்பா பார்த்துவிட்டு, "படிச்சது போதும்" என்றார். பத்தாவது பரீட்சைக்கு நான் போகவில்லை.

அதன் பிறகுதான் ஓசூரில் கோவிந்தன் அண்ணன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இஞ்சின் எவ்வளவு பவர் தருகிறது என்று அளக்கும் டைனோ அங்கே உண்டு. பின்சக்கரத்தை இரும்பு உருளைமேல் ஏற்றி, வண்டியைப் பட்டையால் இழுத்துக் கட்டி ஓட்டினால் கம்ப்யூட்டரில் கோடு ஏறும். அண்ணன் ஓட்டுவார். டயருக்குக் காற்றுப் பிடிப்பதும் பட்டை கட்டுவதும் என் வேலை.

விமல்ராஜ் புது சைலன்சர் வாங்கி வந்திருந்தான். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்றான்.

"சைலன்சர மட்டும் மாத்துனா சத்தம்தான் ஏறும் தம்பி, பவர் எறங்கக்கூட செய்யும்" என்றார் அண்ணன்.

"அளந்து பாருங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

பழைய சைலன்சரோடு முதல் ஓட்டம். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். பட்டையை வழக்கத்தைவிட இறுக்கினேன். டயர் உருளையில் அமுங்கி உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்தால் இஞ்சினின் பலத்தில் கொஞ்சம் அங்கேயே வீணாகும். அண்ணன் சத்தம் கேட்காமலிருக்கக் காதை அடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி ஓட்டினார். பத்தொன்பது குதிரைத்திறன் என்று காட்டியது.

புது சைலன்சர் மாட்டியதும் காற்றைச் சரியாக நிரப்பினேன். பட்டையை அளவாகக் கட்டினேன். இருபத்தொன்றரை.

அண்ணன் நெற்றியைச் சொறிந்தார். "இவ்ளோ ஏறாதே. இன்னொரு வாட்டி ஓட்டிரலாம்."

"எதுக்குண்ணா? அதான் நம்பர் வந்துருச்சே" என்று விமல்ராஜ் பிரிண்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். வாசலிலேயே அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

அந்தக் காகிதத்தை நம்பி அத்திப்பள்ளிக் கோபியிடம் பந்தயம் கட்டினான். கோபியிடமும் அதே மாடல் வண்டி, எதையும் மாற்றாதது. தோற்றவன் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். லேஅவுட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓடினார்கள். கோபி ஜெயித்தான்.

திங்கட்கிழமை விமல்ராஜின் வண்டியைக் கோபியே கடைக்கு ஓட்டி வந்தான். பழைய சைலன்சரை மாட்டச் சொன்னான். பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் விமல்ராஜ் வந்து இறங்கினான். தூங்காத முகம் வீங்கியிருந்தது.

"உங்க பேப்பர நம்பித்தாண்ணா வண்டி போச்சு" என்றான்.

அண்ணன் வண்டியை உருளையில் ஏற்றி, இரண்டு சைலன்சரையும் மாட்டி அளந்தார். இந்தத் தடவை காற்றை அவரே பிடித்தார். பழையதில் இருபத்திரண்டுக்கு மேல். புதியதில் அதைவிடக் குறைவு.

கோபி சிரித்தான். "ஏன் குரு, காசு குடுத்து பவர கொறச்சிருக்க." பிறகு சிரிப்பை நிறுத்தி, "யாராச்சும் வேணும்னே உன்ன ஏமாத்தியிருந்தா சொல்லு, சாவிய இப்பவே குடுத்துடறேன். நீயா ஏமாந்திருந்தா நான் என்ன பண்றது?" என்றான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "மேகலா, அன்னைக்கு மொதல் ஓட்டத்துக்கு எவ்ளோ காத்து வெச்ச?"

நான் யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் இத்தனை நாள் என் ஆசை. சாக்கடை, வீடியோ, பரீட்சை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். வண்டியும் அவனிடமே திரும்பிப் போய்விடும்.

"எப்பவும் வெக்கற அளவுதாண்ணா."

விமல்ராஜ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பாப்பாவக் கேட்டு என்னண்ணா ஆவப்போவுது" என்றான். கோபி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். விமல்ராஜும் வெளியே போனான்.

அண்ணன் டைனோவின் மூடியைக் கழற்றினார். "பேரிங்ல ஏதோ கோளாறு இருக்கும்போல. லைட்டப் புடி" என்றார். அதில் கோளாறு எதுவும் இல்லை. அன்று மாலைவரை அவர் தேடப் போகிறார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

வெளியே லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க முடியாமல் விமல்ராஜ் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அது தெரிகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து லைட்டைப் பிடித்தேன்.